எந்தக் கட்சிக் கண்ணீர்

வண்ணார்பேட்டையில் ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு வாழை விவசாயி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நேத்து டிவியில ரெண்டு விதமா அழுதேன் வே."

"எப்படி அண்ணாச்சி?"

"பாசனத் தண்ணியப் பத்திக் கேட்டு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சின்னு ரெண்டு கட்சி சேனல்காரங்களும் வந்தாங்க. ஒருத்தன் 'விவசாயி கண்ணீர்'னு போட்டான். மத்தவன் 'விவசாயி ஆனந்தக் கண்ணீர்'னு போட்டான். சென்னையில மக அதைப் பாத்துட்டு போன்ல அழுதா. மருமவன் இதைப் பாத்துட்டு வாழ்த்து சொல்லுதாரு."

"நீங்க நெசமா என்ன சொன்னீய?"

"தண்ணி வந்துட்டு, ஆனா பிந்தி வந்துட்டுன்னேன். அதை ரெண்டு பேரும் வெட்டிட்டானுவ."

"அப்பம் கண்ணீரு?"

"கண்ணுல பூச்சி விழுந்துட்டு வே."

"மருந்து விட்டீயளா?"

"நீராவது கேட்டீரே."