மேகசினுக்குள் நகர்ந்த தோட்டா

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. நூற்பாலையின் பின்சுவரை ஒட்டிய தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். அதே ஆலையில் பணியாளர் மேலாளரின் பாதுகாவலராக வேலை பார்க்கிறேன். என் சொந்தப் பெயரைச் சொல்லி ஆலையில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது, தொந்திக்காரர் என்று கேட்டால் கேட்டடியில் படுத்திருக்கும் பூனைகூட வழிகாட்டும்.

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலாளர் குத்துப்பட்ட நேரத்தில் என் இரண்டு கைகளும் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. காரில் உட்கார்ந்தால் பெல்ட் என் வயிற்றை இரண்டாகப் பிரித்துப் பங்கு போடும். ஆகவே கார் கிளம்பியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மேல் பொத்தானுக்கும் விடுதலை கொடுத்துவிடுவது என் வழக்கம். துப்பாக்கி உறையும் மேகசின் பையும் அந்தப் பெல்ட்டில்தான் கோத்திருக்கும். அதை எனக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். இது விதிக்கு விரோதம் என்பது எனக்குத் தெரியும். இதெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார்கள். நான்தான் வற்புறுத்தி எழுதச் சொன்னேன், ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் அந்த டப்பாதான் காரணம்.

கைத்துப்பாக்கியின் பிடிக்குள் சொருகும் தகரக் கூட்டை நாங்கள் மேகசின் என்போம். அதில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், அடியில் இருக்கும் ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தோட்டாவின் முதுகும் கூட்டின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஆட்டத்திலும் குலுக்கலிலும் மேல் தோட்டா முன்னால் நகர்ந்துவிட்டால், ஸ்லைடு எனப்படும் மேல் இரும்பு அதைத் தள்ளும்போது, தோட்டா குழலுக்குள் போகாமல் மூக்கைத் தாழ்த்தி வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் மேகசினின் பின்பக்கத்தை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொருக வேண்டும் என்று பயிற்சித் திடலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதை ஆயுத அறைக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. "தோட்டா என்னய்யா, பஸ்ல நின்னுக்கிட்டு வர்ற ஆளா? பிரேக் போட்டா முன்னாடி வந்து விழறதுக்கு? ஸ்பிரிங் புடிச்சிருக்குய்யா" என்பார். அவரிடம் நான், "உங்க ஸ்பிரிங் எனக்கு முன்னாடி சர்வீஸுல சேர்ந்தது. நானே தொங்கிப் போயிட்டேன், அது மட்டும் விறைச்சிக்கிட்டா நிக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் மேகசினைப் போட்டுக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் திடலுக்குப் போன ஒரு நாள், தட்டாமல் சொருகி, முதல் தோட்டாவே அடைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் நான் வெறும் துப்பாக்கியை நீட்டியபடி நின்றது உண்மை. அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

காரை ஓட்டுபவர் என் தங்கையின் கணவர். அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவேன். அவருக்கும் சுடும் பயிற்சி உண்டு. காருக்கு வரும் முன் அவர் கொதிகலன் பிரிவில் இருந்தார். நெருப்புக்குப் பக்கத்தில் வேலை வேண்டாம், பயமாக இருக்கிறது என்று தங்கை என்னை அரித்தெடுத்ததால், மேலாளரிடம் சொல்லி, ஆபத்தில்லாத வேலை என்று நான்தான் அவரைக் காருக்கு மாற்றினேன். அதன் பிறகு கொதிகலன் பிரிவையே மூடிவிட்டார்கள். அங்கே தலைமை ஆளாக இருந்தவரும் வெளியே அனுப்பப்பட்டார். ஆலையில் அவரை பாய்லர் அண்ணன் என்பார்கள். மாப்பிள்ளைக்கு வால்வு திருப்பக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டு பேரும் ஒரே அடுக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள்.

வெளியே அனுப்பப்பட்ட பிறகும் பாய்லர் அண்ணன் தினமும் காலையில் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையுடன் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். சங்கு ஊதியதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். யாரிடமும் பேச மாட்டார். எங்கள் கார் அவரைக் கடக்கும்போது மாப்பிள்ளை வேகத்தைக் குறைப்பார், மேலாளர் பின்சீட்டிலிருந்து தொண்டையைச் செருமுவார், அதன் பிறகு வேகம் கூடும்.

சம்பவத்தன்று காலை உள்ளே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்ததால் கேட் திறக்கவில்லை, கார் நின்றது. பாய்லர் அண்ணன் காருக்கு மிக அருகில் இருந்தார். மேலாளர் கண்ணாடியை இறக்கி, "எத்தனை நாளைக்குய்யா இந்த வேஷம்? யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்று சொன்னார். அதன் பிறகு பாய்லர் அண்ணன் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து, காரின் மேல் வைத்தார். அதன் பிறகு பையிலிருந்து குழாய்க் கரி சுரண்டும் கம்பியை எடுத்துப் பின்கதவைத் திறந்தார். அதன் பிறகு நான் பதறிப்போய் வெளியே குதித்தேன், கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது, தடுக்கி விழுந்தேன், எழுந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். நான் அதை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். மானம் போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை டப்பாவிலிருந்து என் பெல்ட்டை இழுத்துக்கொண்டு இறங்கி, உறையிலிருந்து துப்பாக்கியையும் பையிலிருந்து மேகசினையும் எடுத்துச் சொருகி, ஸ்லைடை இழுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார். மேகசினை அவர் உள்ளங்கையில் தட்டவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாய்லர் அண்ணன் கம்பியுடன் திரும்பி, "சுடறதுன்னா சுடு தம்பி. இல்லேன்னா தள்ளி நில்லு" என்றார். மாப்பிள்ளை சுடவும் இல்லை, தள்ளி நிற்கவும் இல்லை. அதன் பிறகு நடந்தது மேலாளரின் பிரேதப் பரிசோதனைச் சான்றில் உள்ளது. எல்லாம் முடிந்த பிறகு பாய்லர் அண்ணன் பனியனோடு கேட்டருகே குழாயடியில் குந்திக்கொண்டார், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார், போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் முன்பு நின்ற இடத்தையே மாப்பிள்ளையின் துப்பாக்கி குறிபார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வேண்டுமென்றே சுடாமல் விட்டார், இருவரும் பேசி வைத்துச் செய்தார்கள் என்று ஆலைத் தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை காவலில் இருக்கிறார், கேட்ட எதற்கும் பதில் சொல்வதில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "மாப்ளே, தட்டாமச் சொருகிட்டீங்க, அதான் தோட்டா அடைச்சிருச்சு, அப்படித்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல அந்தப் பேன்ட்டை மாத்துங்க மச்சான்" என்றார்.

என் தங்கை அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். துவைத்து வைத்த மாப்பிள்ளையின் சட்டைகளையே மறுபடியும் துவைக்கிறாள். நேற்று அவள் என்னிடம், "அண்ணே, துப்பாக்கி மேல தப்புன்னு சொல்லு. உன் மேல தப்புன்னாலும் பரவால்ல, சொல்லு. அவர் மேல மட்டும் இல்லேன்னு சொல்லு" என்றாள்.

மேலாளர் வீட்டிலிருந்து ஆலைவரை சாலை எப்படி இருக்கிறது என்பதை ஐயா நேரில் பார்க்கலாம். அந்த டப்பாவுக்குள் பெல்ட் போகும் வழியெல்லாம் இடித்துக்கொண்டுதான் வரும், சத்தம் பின்சீட்டுவரை கேட்கும். அந்த இடியில் தோட்டா முன்னால் நகர்ந்து, ஸ்லைடு தள்ளும்போது வாசலில் முட்டி நின்றிருக்கிறது. மாப்பிள்ளை விசையை அழுத்தியிருப்பார், அது வெடித்திருக்காது. அவர் அழுத்தியதைப் பார்த்தீரா என்று ஐயா கேட்டார்கள். விரலை நான் பார்க்கவில்லை. ஆனால் வேறு எப்படி இருக்க முடியும்? பெல்ட்டைக் கழற்றியவன் நான், டப்பாவில் போட்டவன் நான். கொலை நடக்க விட்டவன் என்று யாரையாவது எழுத வேண்டுமானால் என்னை எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இதுவரை நான் சொல்லிவந்ததை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது. யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் ஆட்பட்டு நான் எதையும் சொல்லவில்லை. அறிந்தவரை அனைத்தும் உண்மை.

கையெழுத்திடும் முன், காரின் முன்சக்கரத்தில் பாய்ந்திருந்த குண்டு பற்றி ஐயா கேட்டதற்குச் சேர்த்துச் சொல்வதாவது: எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கியது நான்தான். ஒரு கையில் கால்சட்டை இருந்ததால் மறு கையால் வாங்கினேன். மேகசினை நான் கழற்றவில்லை, தட்டவில்லை, ஸ்லைடையும் தொடவில்லை. வாங்கும்போது விரல் விசையில் பட்டது. பட்டவுடன் வெடித்தது.

(ஒப்பம்)