டிராமில் மாட்டியிருந்த சாமி பேரில்லாத பலகை

1926 டிசம்பர் 23, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் வழக்கம்போல் சூலே பகோடா என்னும் பர்மியப் புத்தர் கோயில் அருகே டிராம் ஏறினேன். உள்ளே கிறிஸ்துமஸ் விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே தமிழில் ஒரு புதுப் பலகை மாட்டியிருந்தது. எதிரே துறைமுகக் கூலிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் அதை உரக்கப் படித்தார்: "விடுமுறை எல்லோருக்கும் பொது. ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்."

"எந்தச் சாமி சொல்லுது, மாப்ளே?" என்றார் மூத்தவர்.

"சாமி பேரே இல்ல மாமா. வாசகசாலைக்காரங்க போட்டது. அத்தைக்கு எழுதுவமா?"

"எழுதுறது நீ. அங்க படிச்சுக் காட்டுறது அவ அண்ணன். நடுவுல நான் என்னத்தச் சொல்ல? நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான்."

"வெக்கமாக்கும்!"

"சிரிக்காதடா. போன கடுதாசில கைநாட்டு ரெண்டு வச்சேன், பாத்தியா?"

"மொதல்ல வச்சது சரியா விழலையோன்னு நெனச்சேன்."

"ஒண்ணு கடுதாசிக்கு. இன்னொண்ணு அவளுக்கு மட்டும்."

இளையவர் சிரிப்பை நிறுத்தினார். "அத்தைக்கு வெளங்குச்சா?"

"பதில்ல அவ கைநாட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. இந்தத் தடவ மூணு வைப்பம் மாப்ளே."

மறுநாள் காலை முதல் வேலையாக மனைவிக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்கு அதைப் படித்துக் காட்டப்போவது என் தம்பி. ஆகவே நலம் என்றே எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு பெருவிரலில் மை தடவி, பக்கத்தில் ஒரு கைநாட்டும் வைத்தேன்.