மேட்டு வீடு

“வேனுக்காகத்தான் மச்சான் வூடு மாத்தினேன்.”

தாம்பரம் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இப்படிச் சொன்னதும், பக்கத்திலிருந்தவர் திரும்பினார்.

“வேனுக்காகவா? இன்னா சொல்ற நீ?”

“பழைய வேன். தள்ளினாதான் ஸ்டார்ட் ஆவுது. பல்லாவரத்துல மலையோரமா மேட்டுல வூடு பார்த்தேன். பிரேக்கை விட்டா இறக்கத்துல உருண்டுகினே ஸ்டார்ட் ஆயிடும்.”

“அப்புறம் ஏன் பஸ்ல வர்ற?”

“தாம்பரத்துல நிறுத்த மேடு இல்லையே.”

“வாங்கும்போது ஓட்டிப் பார்க்கலையா?”

“பார்த்தேனே, ஜம்முனு கிளம்பிச்சு. வித்தவர் வூடும் மேட்டுலதான் இருந்துச்சு. எனக்குத்தான் அப்போ உறைக்கல.”

“பேஜாரா கீதே. வித்துத் தொலையேன்.”

“பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டேன். வண்டியை வூட்டாண்ட வந்துதான் பார்க்கணும்னு கண்டிஷனா போட்டிருக்கேன்.”