மைக்கின் கழுத்தைப் பிடித்தவர்கள்

தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, தலைவரின் கையிலிருந்து சற்றுமுன் தப்பிவந்த இந்த மைக்கின் எதிரே பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே,

மௌன அஞ்சலி முடிந்து தலைவர் வாய் திறந்ததும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, பின்வரிசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் போர்டு முன் உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் மைக்காரரின் மகளைப் பார்த்தீர்கள். "அப்பா கை வருமாப்பா?" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. இந்தக் கூட்டம் முடிந்ததும் செயற்குழு கூடுகிறது. அவர் வேலையை மகளுக்குக் கொடுப்பதா, வெளியாளுக்கா என்று முடிவெடுக்க. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை அவருக்கு 'ஒலிச்செம்மல்' பட்டம் அளித்தோம். இருபத்தாறு ஆண்டுகள் "ஏய் மைக்" என்றுதான் கூப்பிட்டோம்.

ஒலிச்செம்மல் நம்மிடம் கேட்டது என்ன? பாராட்டா? மேடையில் இடமா? "கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்" என்றார், அவ்வளவுதான். மைக்கின் வலைத்தலைக்கு அடியில் சிறு துளைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் சத்தம் அவற்றின் வழியாகவும் புகுந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதனால்தான் மைக் முன்னால் இருக்கும் வாயை மட்டும் கேட்கிறது. பொத்திப் பிடித்தால் நாலா பக்கமும் கேட்கும். ஒலிபெருக்கியின் சத்தத்தையே மறுபடி விழுங்கிக் கத்தும். ஆனால் நமக்கு, தலையைப் பிடித்தால்தான் தலைவர் மாதிரி இருக்கிறது.

ஒருமுறை அந்த இடத்தில் கிரீஸ் தடவி வைத்தார். தலைவர் கையை எடுக்காமலே முழு உரையையும் நிகழ்த்தி, அதே கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எட்டாண்டுகளுக்கு முன் நான் ஆண்டறிக்கை படித்தபோதும் ஊளைதான். செயலாளர் என்ற முறையில் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"சார், இதையும் மைக்லயே படிச்சிடுங்க. கைய மட்டும் கீழ வெச்சுக்குங்க."

சிரித்தேன். கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் அவர் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு செயற்குழு மேசையில் இருக்கிறது.

அன்று ஊளையிட வைத்தது இந்தக் கை. இதோ, பிடிக்கிறேன்.

கேட்டதா? கையைக் கீழே இறக்குகிறேன். இப்போது? அந்தப் பெண் எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறாள்.

"ஏம்மா, இப்ப சரியா கேக்குதா?"

"கேக்குது சார். இன்னும் ரெண்டு விரல் கீழ."

அப்பா கை எப்படியோ, அப்பா வாய் வந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூற நம்மை அழைத்திருக்கிறார்கள். நாம் தொடர வேண்டாம்; மகள் தொடரட்டும். நாம் கையைக் கீழே இறக்கினால் போதும். முன்மொழிகிறேன்.

தலைவர் அவர்களே, வழிமொழிய வாருங்கள். மைக்கை ஸ்டாண்டில் பொருத்திவிட்டேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டே பேசலாம்.