மூணு அடுக்கு வலை

கொஞ்சம் பொறுங்கண்ணே, எஞ்சின் ஹெட்டுல கை வைக்காதீக. அந்த ஸ்பேனரை ஒரு நிமிசம் கீழ வைங்க. அப்பா கேஸ்கட் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம்தான போயிருக்காக, இப்ப வந்துருவாக. அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்.

ஐயோ, உங்க வேலையைக் குறை சொல்லலைண்ணே. சாத்தூர்ல காளிராஜ் கை வச்சா வண்டி மறுபடி ரிப்பேருன்னு திரும்பி வராதுன்னு அப்பா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறாக. நம்ம பிக்கப்புதான் மூணாந்தடவையா வந்து நிக்குது.

இல்ல, நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஹெட் கேஸ்கட் போயிருந்தா தண்ணி குறையணும்ல? ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கணும்ல? டிப்ஸ்டிக்கைத் தினமும் உருவிப் பாக்கேன், கருப்பாத்தான் இருக்கு. புதுப்பட்டியில பட்டாசுப் பெட்டியை ஏத்திக்கிட்டு விருதுநகர் வரைக்கும் போனாலும் சூட்டு முள்ளு பாதியைத் தாண்டாது. பின்னால ஜெனரேட்டர் டிராலியை மாட்டிக்கிட்டு மேடு ஏறும்போதுதான் இந்தக் கூத்து. மொதத் தடவை ஆண்டிபட்டி கணவாய்ல. ரெண்டாவது குமுளி மலையில, நாலாவது வளைவு. முள்ளு சிகப்புக்குப் போயிருச்சு, ரேடியேட்டர் மூடி பக்கத்துல போக முடியலை. பின்னாடி கேரளா பஸ்காரன் ஹாரன் அடிக்கான். கல்யாணக்காரக போன் மேல போன். ஜெனரேட்டர், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுற ராஜபாண்டியன் அண்ணாச்சியோடதுல்ல? அவுக மெதுவாத்தான் பேசுனாக. தம்பி, ஞாயித்துக்கிழமை ஒரு முகூர்த்தம் இருக்கு, அதுக்கும் மலை ஏறலைன்னா வேற வண்டி பாத்துக்கிடுறேன்னாக. அம்புட்டுத்தான்.

அதான் அப்பா ஹெட்டை இறக்கிரணும்னு ஒத்தக்கால்ல நிக்காக.

ஆமாண்ணே, மெக்கானிக்கல்தான் படிச்சேன். நீங்களும் ஆரம்பிக்காதீக. எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு நான்தான். மாமா எப்ப வந்தாலும் இந்தக் கேள்விதான். ஏலே இன்சினீரு, உன் வண்டி நோவு உனக்கே தெரியலையான்னு. ரேடியேட்டரைக் கழுவிப் பாத்தாச்சு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டாச்சு, வாட்டர் பம்பு, ஃபேன் பெல்ட்டு எல்லாம் நீங்களே மாத்துனீக. ஒவ்வொண்ணா மாத்தும்போது நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். டார்ச்சு கூட அடிச்சேன்ல?

இது எப்ப இருந்துன்னு மொதல்லயே கேட்டீக. தீபாவளி முடிஞ்சு இருந்துன்னு சொன்னேன். அது உண்மைதான். அப்ப வண்டியில ஏதாவது மாத்துனீகளான்னு கேட்டீக, ஒண்ணும் இல்லைன்னேன். அப்பா பக்கத்துல நின்னாக.

கோவப்படாதீகண்ணே. சொல்றேன்.

மேட்டுல சூடு மட்டும் இல்ல, இழுவையும் இல்ல. மிதிச்சாலும் மூச்சு முட்டுன மாதிரி கனைக்குது, பொகை கருப்பாக் கக்குது. உள்ள போற காத்துக்கு ஃபில்டரைப் பாத்துட்டீக. வெளிய போறதை யாரும் பாக்கலை. நான் ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்றேன், நீங்க சைலன்சர்ப் பக்கம் கையைக் கொண்டு போங்க. தூரமா வச்சுக்கோங்க, சுடும்.

பாத்தீகளா. காத்து வேகமாவே வரலைல்ல?

ஆமா, அரெஸ்டர் இருக்கு. பட்டாசுக் கம்பெனிக்குள்ள லோடு ஏத்தப் போற வண்டியில பொறி வெளிய வந்துரக் கூடாதுன்னு வலை மாட்டணும்ல. கேட்ல வாட்ச்மேன் செல்லையும் தீப்பெட்டியையும் வாங்கி வச்சுக்கிட்டு, குனிஞ்சு வலையையும் பாத்துட்டுத்தான் விடுவாரு. எல்லா வண்டியிலயும் ஒரு அடுக்குத்தான் இருக்கும். நம்ம வண்டியில மூணு. அப்புறமா ரெண்டு நான் வச்சேன். நைஸ் வலை, மாவு சலிக்கிற மாதிரி. கரி அடைச்சு அடைச்சு இப்ப சுவரு மாதிரி ஆகியிருக்கும். எஞ்சின் பாவம், எங்கதான் மூச்சு விடும்?

தெரியும்ணே. கணவாய்ல நின்னப்பவே தெரியும். படிச்சதுல அது ஒண்ணுதான் மறக்கலை. தெரிஞ்சேதான் நீங்க பம்பு மாத்தும்போது டார்ச்சு அடிச்சேன். ஏதாவது ஒண்ணு மாத்துனா வலையைக் கழட்டாமலே சரியாயிராதான்னு ஒரு நப்பாசை. ஆனா ஹெட்டை இறக்குறதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலை. நல்லா இருக்குற எஞ்சின்ணே அது.

ரெண்டையும் எடுத்துட்டு ஒண்ணை மட்டும் சுத்தம் பண்ணி மாட்டுனா போதும், வண்டி குமுளி என்ன, மூணாறே ஏறும். அதான் சொல்ல வர்றீக? அது எனக்கும் தெரியுது. எனக்குக் கை வரலை.

கம்பெனிக்குள்ள ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பாக. கோட்டுல எஞ்சினை அணைச்சுட்டு, அதுக்கு மேல ஆளுக தள்ளித்தான் பட்டாசு அடைக்கிற பேக்கிங் செட்டுகிட்ட கொண்டு போகணும். எங்க அம்மா அந்த செட்டுலதான் வேலை பாக்குது. நான் காலேஜ் சேர்றதுக்கு முந்தி இருந்து. நின்னுரும்மான்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. நீ ஒரு வேலைக்குப் போயிருலே, மறுநாளே நான் நின்னுக்கிடுறேன்னுது. திருப்பூர் வரைக்கும் இன்டர்வியூ போயிட்டுத்தான் வந்தேன்.

இப்ப நான் போற அன்னைக்கு கோட்டுல அணைச்சுருவேன். ஆள் இல்லைன்னா தனியாவே தள்ளுவேன், எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாக. அப்பா போற அன்னைக்குத் தள்ள மாட்டாக. சீசன் நேரத்துல யாரும் தள்ள மாட்டாக. நாலு ஆளு வேணும், ஆளுக எல்லாம் பெட்டி கட்டுற அவசரத்துல இருப்பாக. அப்பாகிட்ட சொன்னா, வலைதான் இருக்குல்லம்பாக. அதனாலதான் இன்னும் ரெண்டு இருக்கட்டும்னு வச்சேன்.

ஒரு வலை போதும்னு நானும் அப்படித்தான் இருந்தேன்.

தீபாவளிக்கு ஆறு நாளைக்கு முந்தி, மத்தியானம். அன்னைக்கு நான்தான் ஓட்டுனேன். கோட்டுல அணைக்கலை. அப்படியே ரிவர்ஸ் எடுத்து செட்டு வரைக்கும் வந்துட்டேன். ஒரு சின்னப் பள்ளம், ஏறலைன்னு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சேன். கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சைலன்சர்ல இருந்து ஒரு பொறி தெறிச்சுச்சு. உளுந்து அளவுதான் இருக்கும். தரையில விழுந்தும் அணையலை, சிகப்பா இருந்துச்சு. வலை இருந்துச்சுண்ணே. ஓரத்துல விட்டுப்போயிருந்துச்சு போல.

இல்ல, யாரும் பாக்கலை. அம்மா மட்டும்தான். இடுப்புல பூச்சட்டிப் பட்டாசுத் தட்டை வச்சுக்கிட்டு அந்தப் பக்கமா வந்துச்சு. தண்ணி வாளி தூரத்துல இருக்கு. செட்டுக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டாகள்ல. அம்மா தட்டை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு, வெறுங்காலை அது மேல வச்சு அழுத்தித் தேச்சுச்சு. என்னய ஒரு பார்வை பாத்துச்சு. வண்டியை அணைலேன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயி தட்டை இறக்கி வச்சுருச்சு. சாயங்காலம் வரைக்கும் வேலையும் பாத்துச்சு.

ரெண்டு வாரம் குதிகாலை ஊணாமத்தான் நடந்துச்சு.

அந்தா அப்பா வர்றாக, கையில கேஸ்கட்டு. வலை மேட்டரை நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கோங்கண்ணே. மத்ததைச் சொல்லிராதீக. கருவேலமுள்ளு குத்திருச்சுன்னுதான் அம்மா அவுககிட்ட சொல்லிருக்கு.