ராகுகாலத்தில் ஒரு பலூன்

“பலூனை இப்ப விட வேணாம்னு சொல்லுடி. பன்னெண்டு மணி வரைக்கும் புடிச்சி வெக்கச் சொல்லு.”

ஆனி மாத வெள்ளிக்கிழமை, மணி பத்து நாற்பது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும். சொன்னது அக்காள். ஜன்னலில் மலை வளைவுக்கு வளைவு உருவம் மாற்றிக்கொண்டே கூட வந்தது.

“ஏங்க்கா, அது என்ன திருவிழா பலூனா? அதுல தொங்கறது உன் பொண்ணோட டீம் செஞ்ச டெலஸ்கோப்பு. காத்து அடங்கலன்னு ஸ்வீடன்ல பத்து நாளா உக்காந்திருந்தாங்க. இன்னிக்கித் தவறுனா அடுத்த வருசந்தான்.”

“அதனாலதான் சொல்றேன். ராகுகாலத்துல எதுக்கு? சூரியனைப் பாக்க அவ்ளோ ஒசரம் வேற போவணுமா?”

“மேல போனாத்தான் கலங்காம தெரியுமாம். அந்த ஊர்ல இப்ப ராத்திரியே கெடையாது, விடாம பாக்கலாமாம்.”

“ராத்திரியே கெடையாதா?”

“சூரியன் மறையறதே இல்லக்கா.”

அக்காள் விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

“மறையலன்னா உதிக்காது. உதிக்கலன்னா ராகுகாலத்த எங்கேர்ந்து கணக்குப் போடுவாங்க?”

“போட முடியாதுதான்.”

“அப்போ அங்க ராகுகாலமே இல்லயாடி!” பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. “விடச் சொல்லு, விடச் சொல்லு!”

தங்கையின் போன் கிணுகிணுத்தது. அவள் சத்தமாகவே படித்தாள்: “‘மேல போயிடுச்சு சித்தி, சூப்பரா போயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லு.’”

அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேசாம அவ கல்யாணத்தையும் அங்கயே வெச்சிடலாம்டி. எந்த நேரத்துல தாலி கட்டுனாலும் நம்ம ஜோசியர் வாயத் தொறக்க முடியாது.”