துளிகள் கூடும் நேரம்

பெரிய டாக்டர் அவர்களுக்கு,

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே இதைத் தட்டச்சு செய்யவில்லை.

கருக்களைச் சூட்டில் வைக்கும் புதுப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதில் குறையில்லை. என் அண்ணியின் கருக்கள் நான்கு முறையும் நின்றுபோனதற்கு நான்தான் காரணம்.

பதினாறு வருடமாக உங்கள் ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்கிறேன். உருவான மறுநாள் காலை கருவுக்குள் பொடிப்பொடியாகச் சில உருண்டைகள் தெரியும். கெட்டிப் பொருள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, துளிகள். வெந்நீரில் விட்ட எண்ணெய் போல ஒன்றையொன்று தொடும், சேரும், உருண்டு பெரிதாகும்.

சூடு குறைந்தால் துளிகள் சேராமல் அப்படியே நிற்கும். தட்டை இரண்டு நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்பது நம் விதி. நான் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரு இரண்டாகும், நான்காகும், பிறகு நின்றுவிடும். உங்களுக்கும் தெரியவில்லை, குறையாகச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் வரை குளிர்ந்தால் துளிகள் மறுபடி சேரும் என்று யாராவது பார்த்தாக வேண்டும். ஊரார் பிள்ளைமேல் கை வைப்பது தர்மமல்ல. அதனால் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். வேறு ஒருவர் தட்டிலும் நான் இப்படிச் செய்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒவ்வொரு முறையும் அண்ணி என் தோளில்தான் அழுவார். "நீ உள்ள இருக்கேங்கிற தைரியம்தான் எனக்கு. வேற யாரை நம்புவேன்?" என்பார்.

"அழாதீங்க அண்ணி. அடுத்த தடவையும் நானே கூட இருந்து பாத்துக்கறேன்" என்பேன். சொன்ன சொல் தவறியதில்லை.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. நேற்று முட்டை எடுத்தபோது, இதுதான் கடைசி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே ஒரு கரு. அந்தத் தட்டு என் இடது கைப்பக்கம் மேசைமேல் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கி இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது.

நாத்தனார் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் கல்யாணம் நின்றுபோன வாரம், சாப்பாட்டு மேசையில் அண்ணி, "இவளுக்கென்ன, மைக்ராஸ்கோப்புல பாத்தே ஆயிரம் பிள்ளை பெத்துட்டா" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். எட்டு வருடம் ஆகிவிட்டது. நான் அதை நினைப்பதே இல்லை.

மேசையில் ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் சிரித்தார்கள்.